அரையாண்டு லீவுக்கு எந்தக் காகித வேலை? வேலூர் வீடுகளுக்கு ஒரு ஒப்பீடு

டிசம்பர் கடைசியில் வேலூரில் ஒரு சாதாரண வீட்டில் எவ்வளவு காகிதம் சேர்ந்து கிடக்கிறது என்று ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள். தீபாவளிக்குப் பிறகு கடைக்குப் போடாத செய்தித்தாள் கட்டு. கடைசிச் சில தாள்களோடு ஆணியில் தொங்கும் தினசரி காலண்டர். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகள். ஆம்பூரில் வாங்கிய ஷூவோடு வந்த அட்டைப்பெட்டி. மாத்திரை வந்த சின்னச் சின்னப் பெட்டிகள். முட்டை அட்டைகள். பீரோ மேல் போன வருடத்து நோட்டுகள். இவையெல்லாம் போகிற இடம் இரண்டுதான்: பழைய பேப்பர் கடை, இல்லையென்றால் போகி நெருப்பு. அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு வருகிறது, ஜனவரி நடுவில் பொங்கல் லீவு வருகிறது.

இந்தக் காகிதத்தில் பிள்ளைகளோடு என்னென்ன செய்யலாம் என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நம் வீட்டுக்கு, நம் பிள்ளையின் வயதுக்கு, நமக்கு இருக்கிற நேரத்துக்கு எது சரி என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பிள்ளைகளை லீவு நாட்களில் மொட்டை மாடியில் உட்கார வைத்து ஏதாவது செய்யச் சொல்வது என் வழக்கம். நாலு வயதிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்து வருவார்கள். அதை வைத்து நான்கு வேலைகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: மடித்து வெட்டுவது, நட்சத்திரக் கூடு, வெந்தயக் கூழில் கிண்ணம், பொங்கல் வாழ்த்து அட்டை.

செலவு என்று பார்த்தால் நான்குக்குமே பெரிய வித்தியாசம் இல்லை. அழகு என்று பார்த்தால் நட்சத்திரம்தான் முதலில் நிற்கும். ஆனால் நான் முதலில் கேட்பது இரண்டையும் அல்ல. வேலையில் பாதிக்கு மேல் பிள்ளையின் கை செய்ததா, பெரியவர் கை செய்ததா என்பதுதான் என் கேள்வி. எங்கள் தெருவில் ஒரு அப்பா ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து மிக நேர்த்தியாக ஒரு ஸ்டார் செய்து வாசலில் தொங்கவிட்டார். மறுநாள் அவருடைய ஆறு வயது மகள் மாடிக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அத்த, அது எங்கப்பா ஸ்டாரு. என்து எப்ப செய்யலாம்?" அந்தக் குழந்தை சரியான கேள்வியைக் கேட்டது.

இரண்டாவது கேள்வி வானிலை. வெயிலுக்குப் பேர் போன ஊர் என்றாலும் மார்கழியில் நம் ஊர் வேறு மாதிரி. ராத்திரி குளிர் 18 டிகிரி வாக்கில் இறங்கும், விடியற்காலையில் மாடி பூராவும் ஈரமாகி விடும், டிசம்பரில் வங்கக்கடலில் ஒரு புயல் கிளம்பினால் மூன்று நாள் சூரியனே தெரியாது. பசை காயவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும், பிள்ளைகளுக்கு ஆர்வம் விட்டுப் போகும். மூன்றாவது, செய்து முடித்த பிறகு அந்தப் பொருள் எங்கே போகிறது. பழைய தாளில் செய்தது மறுபடியும் பழைய தாளாகக் கடைக்குப் போக முடிய வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் ஜிகினாத் தூளும் தெர்மோகோலும் வாங்கி அதன் மேல் ஒட்டினால், மறுசுழற்சிக்குப் போக வேண்டிய தாளைக் குப்பையாக்கி விடுகிறோம். அதைக் கைவேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மடித்து வெட்டுவது

ஒரு செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல். பசை கூட வேண்டாம். மழை பெய்தாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யலாம், அரை மணி நேரத்தில் ஒன்று கையில் இருக்கும். கார்ட்டூனில் பனிப்பொழிவைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது பனிப்படிகம்தான். நம் ஊரில் அது விழுவதில்லை என்பதற்காக மறுக்க வேண்டியதில்லை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் கோத்துக்கொள்வதால்தான் அந்தப் படிகத்துக்கு ஆறு கைகள் வருகின்றன. அஞ்சு கையோ எட்டுக் கையோ வைத்து வெட்டியதைப் பனிப்படிகம் என்று கடையில் விற்கிறார்கள், அது தவறு. ஏன் ஆறு என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் மடிப்பில் எவ்வளவு கவனம் வருகிறது என்று தெரியும்.

மடிப்பு இப்படி. ஒரு சதுரத் தாளைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சம பங்காக மடியுங்கள். இப்போது ஆறு அடுக்கு இருக்கும். இதை இன்னொரு முறை நடுவில் மடித்தால் பன்னிரண்டு அடுக்கு. பன்னிரண்டு அடுக்கில் வெட்டினால்தான் சரியான ஆறு கை வரும். ஆறு அடுக்கோடு நிறுத்தினால் மூன்று கை உள்ள வடிவம்தான் கிடைக்கும். பன்னிரண்டு அடுக்கு என்றதும் எந்தத் தாள் என்பது முக்கியமாகி விடுகிறது. ஜெராக்ஸ் பேப்பர் சதுர மீட்டருக்கு 75, 80 கிராம் எடை. செய்தித்தாள் 45 கிராம் வாக்கில்தான். எட்டு வயதுப் பிள்ளையின் கத்தரிக்கோல் ஜெராக்ஸ் பேப்பரில் பன்னிரண்டு அடுக்கை வெட்டாது, மெல்லும். செய்தித்தாளில் வழுக்கிக்கொண்டு போகும். தினசரி காலண்டர் தாளும் மெல்லியதுதான், ஆனால் சின்னது. மடித்த பிறகு பிடித்துக்கொள்ளவே இடம் இருக்காது.

சின்னவர்களுக்கு இன்னும் சுலபமான வழி கோலம். சதுரத்தைப் பாதியாக, மறுபடி பாதியாக, பிறகு குறுக்கே மடித்தால் எட்டு அடுக்கு. அதில் வெட்டுவது எதுவும் நான்கு பக்கமும் ஒரே மாதிரி விரியும். மார்கழி மாதம் வாசலில் தினமும் பார்க்கிற வடிவங்கள் பிள்ளைகளின் கண்ணில் ஏற்கெனவே இருப்பதால், எங்கே வெட்டினால் என்ன வரும் என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று தாளை வீணாக்கிய பிறகு, வெட்டுவதற்கு முன்னாலேயே "அக்கா, இங்க ஓட்டை போட்டா நடுவுல பூ வரும்" என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். நன்றாக வந்த ஒன்றைத் தரையில் வைத்துக் கோலமாவைத் தூவி எடுத்தால் அச்சுக் கோலமாகவும் ஆகும்.

நாலு வயதுக் குழந்தை கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் அழும். அதற்கு வேலை கிழிப்பது. முழு அளவுச் செய்தித்தாளை மேலிருந்து கீழாக, பத்திகளின் போக்கில் கிழித்தால் நேராகக் கிழியும். இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் தாள் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படிவதுதான் காரணம். இரண்டு பக்கமும் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே அந்தக் குழந்தைக்கு ஒரு முழுக் காலையும் போதும். நேராகக் கிழித்த பட்டைகளை எடுத்து வையுங்கள், கிண்ணத்துக்கு வேண்டும்.

குறை என்று சொன்னால், இது நிலைக்காது. ஜன்னலில் தொங்கவிட்டால் பொங்கலுக்குள் மஞ்சளாகும், சுருண்டு விழும். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. எடுத்து அப்படியே பேப்பர் கட்டில் போடலாம், ஒரு துளிப் பசை கூட அதில் இல்லை.

நட்சத்திரக் கூடு

கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கிற ஊர் இது. டிசம்பரில் சி.எம்.சி. மருத்துவமனைச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், எந்த வீட்டுப் பிள்ளைகளானாலும், எங்களுக்கும் ஒன்று என்று கேட்பார்கள். கடையில் விற்பவை அநேகமாக பிளாஸ்டிக் பூசிய அட்டை. ஒரு வருடம் தொங்கும், அடுத்த வருடம் மடிப்பில் கிழிந்து குப்பைக்குப் போகும்.

பழைய தாளிலேயே செய்யலாம். செய்தித்தாள் ஒரு பக்கத்தை மூலையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியின் மேல் இறுக்கமாகச் சுருட்டி, கம்பியை உருவிவிட்டுக் கடைசி மூலையை ஒட்டினால் ஏறக்குறைய இரண்டு அடி நீளத்தில் ஒரு குச்சி கிடைக்கும். மூங்கில் தப்பைக்குப் பதில் அதுதான். ஐந்து குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அப்படி இரண்டு செய்து, முனைகளை ஒன்றாகக் கட்டி, உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடத்தில் நான்கு விரல் நீளத் துண்டுகளை முட்டுக் கொடுத்தால் கூடு உப்பி நிற்கும். ஆக பத்து நீளக் குச்சி, ஐந்து முட்டு. மேலே ஒட்ட நோட்டுத் தாள்.

இதில் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிற பகுதி குச்சி சுருட்டுவது. அதோடு அவர்கள் பங்கு ஏறத்தாழ முடிகிறது. பத்துக் குச்சியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், கட்டும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும், முட்டுக் கொடுக்கும்போது ஒரு இடம் நழுவினால் எல்லாம் கோணும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கி, பிறகு எழுந்து போய்விடுவார்கள். அந்த அப்பாவின் ஸ்டார் அப்படித்தான் அப்பாவின் ஸ்டார் ஆனது.

வெளிச்சம் நன்றாகத் தெரிய நோட்டுத் தாளில் எண்ணெய் தடவலாம். நார்களுக்கு இடையில் உள்ள காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்வதால் தாள் ஒளியை விடும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் எண்ணெய் பட்ட தாளைப் பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள், தீயும் சீக்கிரம் பற்றும். ஆகவே நான் தடவச் சொல்வதில்லை. விளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காகிதக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தி கூடாது. பழைய இழை வகை ஜீரோ வாட் பல்பும் கூடாது. பெயர்தான் ஜீரோ, அது 12 முதல் 15 வாட் வரை இழுத்துச் சூடாகும். சின்ன எல்.இ.டி. பல்பு மட்டும், அதுவும் தாளில் படாமல் நடுவில் தொங்க வேண்டும். வெளியே கட்டினால் விடியற்காலை ஈரத்தில் குச்சிகள் தொய்ந்து விடும். வாசல் கூரைக்கு உள்ளே கட்டுங்கள்.

ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள் மூன்று பேராவது சேர்ந்தால் நட்சத்திரத்தை எடுங்கள். அவர்களிடம் முழுவதும் ஒப்படைத்துவிட்டு விளக்கு மாட்டும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். கோணலாக வந்தால் கோணலாகவே தொங்கட்டும்.

வெந்தயக் கூழ்க் கிண்ணம்

நான்கில் எனக்கு மனசு நிறைகிற வேலை இது. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடிப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே இருப்பார்கள். அறுபது எழுபது வயது ஆயா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பழைய பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயம் அரைத்துச் சேர்த்து, உரலில் இடித்துக் கூடை செய்ததையும், பொத்தல் விழுந்த முறத்தை அந்தக் கூழால் மெழுகியதையும் சொல்வார்கள். வடஆற்காட்டுக் கிராமங்களில் அரிசி, பருப்பு கொட்டி வைக்க அந்தக் கூடைகள் இருந்தன. வெந்தயத்தின் வழவழப்புதான் அதில் பசை, கசப்பு இருப்பதால் பூச்சி அண்டாது என்பது அவர்கள் அனுபவம்.

அரைக் கிலோ செய்தித்தாளுக்கு 100 கிராம் வெந்தயம் எடுங்கள். தாளைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து (நாலு வயதுக் குழந்தையின் பட்டைகள் இப்போது உதவும்) அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். ஒரு ராத்திரி போதும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. தண்ணீரை மாற்றிவிடுங்கள், மை கொஞ்சம் இறங்கும். வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள். ஊறிய தாளைப் பிழிந்து உரலில் இடியுங்கள். உரல் இல்லாவிட்டால் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீரோடு. ஒரேயடியாகப் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் கருகும். பிறகு இரண்டையும் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும்.

பிசைவது யார் என்று பிள்ளைகளுக்குள் சண்டையே வரும். நாலு வயதும் பதின்மூன்று வயதும் ஒரே அண்டாவில் கை வைக்கிற வேலை இது ஒன்றுதான். கவிழ்த்த சொம்பின் மேலோ சின்னச் சட்டியின் மேலோ ஈரத் துணி விரித்து, கூழை ஒரு விரல் கனத்துக்கும் குறைவாக அப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டி மழுக்க வேண்டும். கனமாக வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சை வரும். முக்கால் பாகம் காய்ந்ததும் சொம்பை உருவிவிட்டு உட்புறத்தை வெயிலுக்குத் திருப்பி வையுங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்குள் எடுத்து வந்துவிட வேண்டும், பகல் முழுக்கக் காய்ந்ததை ஒரு ராத்திரிப் பனி கெடுத்துவிடும். நல்ல வெயில் என்றால் நான்கைந்து நாளில் தட்டினால் டக்கென்று சத்தம் வரும்.

அவசரப்படுபவர்களுக்கு ஒரு குறுக்கு வழி முட்டை அட்டை. அது ஏற்கெனவே கழிவுக் காகிதக் கூழில் வார்த்ததுதான், அதனால் ஒரு மணி நேரத்திலேயே கரைந்து விடும். முட்டை உடைந்து ஒழுகிய அட்டையைத் தொடாதீர்கள், சுத்தமானதை எடுங்கள், வேலை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எந்தத் தாள் கூழாகும், எந்தத் தாள் ஆகாது என்று பிள்ளைகளையே சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். மாதக் காலண்டரின் வழவழத் தாளில் பூச்சு இருப்பதால் ஊறவே நேரமாகும். பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை எத்தனை நாள் போட்டாலும் அப்படியே இருக்கும். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், மெல்லிய படலம் ஒன்று இழுபட்டு நின்றால் அது பிளாஸ்டிக். கூழைக் கண்ணாடி டம்ளரில் கலக்கி வெளிச்சத்தில் காட்டினால் நார் நாராகத் தெரியும். எங்கிருந்து வந்த நார் என்று கேட்பார்கள். மரம் மட்டுமல்ல, கரும்புச் சக்கையும் என்று சொல்லுங்கள். 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் புகளூரில் முக்கியமாகச் சக்கையிலிருந்துதான் காகிதம் செய்கிறது. திருவலம் பக்கத்தில் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு இது எட்டாத விஷயம் இல்லை. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போவதால், ஒரே நார் ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாளாகாது என்பதையும் அந்த நேரத்தில் சொல்லலாம்.

கிண்ணத்தில் தின்பண்டம் வைக்காதீர்கள். செய்தித்தாள் மை உணவில் படக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆயாக்கள் காலத்துக் கூடையில் அரிசி இருந்தது என்று வாதம் வரும். இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து நான் மறுப்பேன். கோலமாவு வைக்கலாம், சாவி வைக்கலாம், பூ கட்டுகிற நார் வைக்கலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கூழை வாயில் வைக்கும், பக்கத்தில் விடாதீர்கள்.

இதே கூழை ஷூ பெட்டி அட்டையின் மேல் அப்பினால் கிரீடம் ஆகும். புரிசை போன்ற ஊர்களைச் சுற்றி இன்றும் கூத்து ஆடுகிற மண் இது. ராஜ வேஷக்காரர்கள் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் லேசான மரத்தில் கண்ணாடித் துண்டும் பளபளத் தாளும் பதித்தவை. படம் காட்டினால் பெரிய பிள்ளைகள் அதே அடுக்குகளை அட்டையில் வெட்டி எடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தங்கத் தாளைப் பதிப்பார்கள். கண்ணாடித் துண்டு மட்டும் வேண்டாம்.

வாழ்த்து அட்டை

கல்யாணப் பத்திரிகை நல்ல கனமான அட்டை, பின்பக்கம் பெரும்பாலும் வெறுமை. வெட்டி மடித்தால் பொங்கல் வாழ்த்து தயார். ஒரு மணி நேர வேலை, ஆறு வயதுக்கு மேல் எல்லோரும் தாங்களே செய்வார்கள். பத்திரிகையை வெட்ட ஆயா சம்மதிக்க மாட்டார், மஞ்சள் தடவிய மங்கலப் பொருள் என்பார். பிள்ளையார் படத்தையும் பெயர்களையும் முதலில் கத்தரித்து அவரிடமே கொடுத்துவிட்டால் மீதியைத் தருவார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, அந்த மரியாதை நல்லதென்றே நினைக்கிறேன். செய்ததைத் தபாலில் அனுப்பினால்தான் இந்த வேலைக்குப் பொருள். குடியாத்தத்தில் இருக்கிற பெரியம்மாவுக்குப் பேத்தி கையால் எழுதியது போய்ச் சேர வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அட்டையை மேசையில் விட்டுவிட்டால் நான் இதை நான்காவது இடத்தில்தான் வைப்பேன்.

தினசரி காலண்டர் தாளை வளையம் வளையமாகக் கோத்துத் தோரணம் கட்டுவதையும் சிலர் கேட்பார்கள். மூன்று வயதுக்காரருக்கும் வரும், ஆனால் பத்து நிமிடத்தில் சலிக்கும். போகி மேளமும் கேட்பார்கள். டப்பாவின் வாயில் நாலைந்து அடுக்குத் தாளை ஒட்டிக் காய வைத்தால் தட்டலாம், ஆனால் தோலின் நாதம் அதில் வராது, அரை நாளில் கிழியும். மேளம் வேண்டுமென்றால் தெருவில் விற்க வருபவரிடம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவருக்கும் வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் வியாபாரம்.

பசை எது

நட்சத்திரத்துக்கும் அட்டைக்கும் பசை வேண்டும். ஃபெவிகால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிள்ளைகள் கை வைத்தால் ஒரு டப்பா ஒரு காலைக்குத்தான். சின்ன ஒட்டுக்குச் சோற்றுப் பருக்கையே போதும், பட்டம் ஒட்டிய தலைமுறைக்கு அது தெரியும். நிறைய வேண்டுமென்றால் மைதாப் பசை: ஒரு பங்கு மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீரில் கண்ணாடி போல் ஆகும் வரை கிண்டி இறக்குங்கள், ஒரு கரண்டி உப்புச் சேருங்கள். இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது தாமிர சல்பேட், விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் ஒரு சிட்டிகை கூடக் கூடாது, யார் சொன்னாலும்.

உங்கள் வீட்டுக்கு எது

ஒரு பிள்ளை, வேலைக்குப் போகும் அம்மா அப்பா, கிடைப்பது ஒரு ஞாயிறு மதியம் என்றால் மடித்து வெட்டுவது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. வீட்டில் ஆயா இருந்து, வெயில் விழுகிற மாடியோ வாசலோ இருந்தால் வெந்தயக் கூழ். பெரிய பிள்ளைகள் கூட்டமாக இருந்தால் நட்சத்திரம். வெளியூரில் இருக்கிற தாத்தா பாட்டியைப் பிள்ளைக்கு நினைவூட்ட வேண்டுமென்றால் வாழ்த்து அட்டை, தபால் தலையோடு. அடுக்குமாடியில் வெயிலே படாத வீடு என்றால் கூழை எடுக்காதீர்கள், ஃபேன் காற்றில் அது காயாது.

எல்லாம் செய்ய ஆசை என்றால் வரிசை முக்கியம். லீவு தொடங்கும் நாட்களில் மழைக்கு வாய்ப்பு இருக்கும், அப்போது வெட்டும் வேலை. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் வேண்டுமென்றால் குச்சிகளைத் தேர்வு முடியும் முன்பே சாயங்கால வேளைகளில் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்த்து அட்டையை ஜனவரி முதல் வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். நோட்டு எடுக்கும்போது போன வருடத்து நோட்டுதானா என்று பார்த்து எடுங்கள், இந்த வருடத்து நோட்டு முழு ஆண்டுத் தேர்வு வரை வேண்டும்.

போகிக்கு முன்தினம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீதியைப் பிரியுங்கள். பசையில்லாத வெட்டுத் தாள், நட்சத்திரத்தின் நோட்டுத் தாள், அட்டைப்பெட்டிகள் எல்லாம் பேப்பர் கடைக்கு. வெந்தயக் கிண்ணம் உடைந்தால் ஊறவைத்துச் செடித் தொட்டியில் போட்டால் மக்கிவிடும். பிளாஸ்டிக் படலம் ஒட்டியதும் தங்கத் தாள் ஒட்டியதும் தனிக் குப்பை, அவை நெருப்புக்குப் போகவே கூடாது. பாலாற்றுப் பக்கம் விடியற்காலைப் பனியோடு போகிப் புகையும் சேர்ந்தால் மூச்சுத் திணறுவது முதலில் பிள்ளைகளுக்குத்தான்.

கிண்ணத்துக்குத் தாளை ஊறப்போட சரியான நேரம் டிசம்பர் மழை ஓய்ந்து, ஜனவரியின் வறண்ட பகல் தொடங்கும்போது. ஊறுவதற்கு இரண்டு நாள், காய்வதற்கு ஐந்து நாள் என்று வைத்தால் 5ஆம் தேதிக்கு மேல் தள்ளக்கூடாது. அப்போதுதான் பொங்கலன்று வாசலில் உட்காரும்போது கோலமாவு அந்தக் கிண்ணத்தில் இருக்கும்.